வெள்ளை அட்டைக் குழந்தைகள்

2024 அக்டோபரில் வெளியான மாற்றுத்திறனாளிகள் உரிமைத் திருத்த விதிகளை வாசகர்கள் படித்திருப்பீர்கள். சான்றிதழுக்கு, தனித்துவ அடையாள அட்டை வழங்கும் யுடிஐடி இணையதளம் ஒன்றே வழி. சான்றிதழ் தர ஒரு மாதமாக இருந்த கெடு மூன்று மாதமாகிவிட்டது. இரண்டாண்டுக்குள் மருத்துவ அதிகாரி முடிவெடுக்காவிட்டால் விண்ணப்பம் செயலிழக்கும். அலுவலகம் தூங்கினாலும் மறுபடி மனுப் போட வேண்டியது பெற்றோர்தான். அட்டைக்கு நிறமும் வந்திருக்கிறது. குறைபாடு 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் நீலம், 40 முதல் 80க்குள் மஞ்சள், 40க்குக் கீழே வெள்ளை. நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையின் செவிக்கருவிக்கு இந்த அட்டையை நிபந்தனையாக்கக் கூடாது.

இணைய வழி வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. போலிச் சான்றுகள் குறையும், ஊர் மாறினாலும் ஆவணம் கூடவே வரும். கெடுதான் உறுத்துகிறது. குழந்தையின் மூன்றாம் மாதத்துக்குள் பெரா என்னும் செவிப் பரிசோதனையை முடித்து, ஆறாம் மாதத்துக்குள் கருவி பொருத்த வேண்டும் என்பது நம் செவியியல் துறையின் பாலபாடம். யோஷினாகா-இடானோ குழுவினரின் 1998 ஆய்வு, ஆறு மாதத்துக்கு முன் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன் மேம்பட்டிருந்ததைக் காட்டிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நோயறிதலுக்கும் பொருத்துதலுக்கும் இடையே நமக்கிருப்பது மூன்று மாதம். அதை முழுசாக மருத்துவ அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டது புதிய விதி. 2023 ஏப்ரல் முதல் மத்திய உதவித் திட்டங்களுக்கு யுடிஐடி கட்டாயம் என்பதால், மத்திய அரசின் உதவிக் கருவித் திட்டமான ஏடிஐபி வழியாகக் கருவி வாங்க நினைக்கும் குடும்பம் இந்த வரிசையைத் தாண்டிப் போக முடியாது. வருமானச் சான்றுக்குக் கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ எழுதித் தந்தாலும் ஏற்பார்கள்; காதுக்கு மட்டும்தான் இத்தனை காவல்.

இவையெல்லாம் மஞ்சளும் நீலமும் பெறப்போகும் குழந்தைகளின் கதை. தாமதமானாலும் அவர்களுக்கு ஒரு வழி உண்டு. இந்த இதழ் பல ஆண்டுகளாக எழுதிவருவது வெள்ளைக்குள் விழுகிறவர்களைப் பற்றி.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், நல்ல காதில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு என்றது. 2016 சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தது. உலகமே பாராட்டியது, நாமும் பாராட்டினோம். ஆனால் 60 அப்படியே நின்றது. 60 முதல் 70 வரை கேட்கும் திறன் குறைந்தவர், 70 ஆனால் காது கேளாதவர். உலக சுகாதார நிறுவனமோ குழந்தைகளுக்கு 30 டெசிபலைத் தாண்டினாலே பாதிப்பு என்று நெடுங்காலம் சொல்லிவந்தது. 2021 உலகச் செவித்திறன் அறிக்கையில் 35லிருந்தே மறுவாழ்வுச் சேவை தேவை என்கிறது. 35க்கும் 60க்கும் இடையில் இருக்கும் நம் குழந்தைக்கு ஆடியோகிராம் உண்டு, பிரிஸ்கிரிப்ஷன் உண்டு. பணம் தரத்தான் யாருமில்லை.

50 டெசிபல் குழந்தைக்கு என்ன நடக்கிறது என்பதை மருத்துவக் குழுக்களில் உட்காருகிறவர்களுக்கு நாம் தமிழில் சொல்லிப் புரியவைத்ததே இல்லையோ என்று தோன்றுகிறது. ஆங்கிலப் பாடநூல் ‘எஸ்’ ஒலி தொலைவதைப் பேசும். தமிழில் தொலைவது சொல்லின் வால். வந்தான், வந்தாள், வந்தார்: வந்தது யார் என்பது கடைசி மெய்யில் இருக்கிறது. அம்மாவை, அம்மாவுக்கு, அம்மாவால் என்று வேற்றுமை முழுவதும் சொல்லிறுதியில், குரல் இறங்கித் தேயும் இடத்தில் நிற்கிறது. கூப்பிட்டால் இந்தக் குழந்தை திரும்பிப் பார்க்கும். அதனால் வீட்டிலும் சந்தேகம் வராது, பள்ளியிலும் வராது. மூன்றாம் வகுப்பில் ‘மந்தம்’ என்று ஆசிரியர் சொல்லும்போதுதான் நம்மிடம் வருகிறார்கள்.

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. சரக்கு ரயில் யார்டு ஒருபுறம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மறுபுறம். ஜன்னலை மூடினால் வெந்துபோகும் வகுப்பறை; திறந்தால் ஆசிரியர் குரலுக்கும் இரைச்சலுக்கும் வித்தியாசம் மிஞ்சாது. அமைதியான அறையில் எடுத்த ஆடியோகிராமை வைத்துத்தான் உதவிக்குத் தேவையான 40 விழுக்காட்டைக் கணக்கிடுகிறோம், நல்ல காதை ஐந்தால் பெருக்கி, மோசமான காதைக் கூட்டி, ஆறால் வகுத்து. ஒரு காது அறவே கேட்காமல் மற்றது நன்றாக இருந்தால் இந்தச் சூத்திரத்தில் 17 விழுக்காட்டைத் தாண்டாது. ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருப்பது இந்தப் பகுதியின் அதிர்ஷ்டம், பரிசோதனைக்குக் குறைவில்லை. குறைவு அதற்குப் பிறகுதான். மூட்டை தூக்கும் அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ‘காது மிஷின் எப்போ சார் தருவாங்க?’ என்று கேட்கும்போது, உங்கள் பிள்ளைக்குப் போதுமான அளவு கேளாமை இல்லை என்று சொல்ல வேண்டியவர் நம் ஆடியோலஜிஸ்ட். சட்டம் எழுதியவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை.

இதே மாநிலத்தில், முழுதும் கேளாத குழந்தைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பல லட்சம் செலவில் காக்ளியர் கருவியை அறுவை சிகிச்சை மூலம் பொருத்துகிறது. பெருமைக்குரிய செயல், மறுக்கவில்லை. அறுவை சிகிச்சை என்றால் மருத்துவம், காதுக்குப் பின்னால் மாட்டினால் நலத்திட்ட உதவி என்று பிரித்தது யார்? சில ஆயிரங்களில் முடியும் காரியத்துக்குச் சான்றிதழ் வாசலில் நிறுத்துவது எந்தச் சிக்கனம்? மேடையில் வரிசையாக நிற்கவைத்துக் கருவி கொடுத்துப் படமெடுக்க அதிகாரிகளுக்கு நேரமிருக்கிறது. ஆறு மாதத்தில் காது வளர்ந்து, இயர்மோல்ட் சிறிதாகி விசிலடிக்கும்போது அதை மாற்றித் தர நிதித் தலைப்பு இல்லை. 60 டெசிபலை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் மாநிலம் மத்திய அரசைக் காட்டும், மத்திய அரசு சட்டத்தைக் காட்டும்.

வழி இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்பிஎஸ்கே, தன் நோய்நிலைப் பட்டியலில் பிறவிக் கேளாமையையும் செவித்திறன் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. அது மருத்துவத் திட்டம். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் ஆடியோலஜிஸ்ட் பரிந்துரைத்தால் 35 டெசிபலிலிருந்தே கருவியும் மோல்டும் பேட்டரியும் வாங்கித் தரலாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை ஓர் ஆணை போட்டால், நாடாளுமன்றத் திருத்தத்துக்காகக் குழந்தை காத்திருக்க வேண்டியதில்லை. மாநில அரசின் ‘விழுதுகள்’ மறுவாழ்வுச் சேவை மையங்களையும் இதில் இணைக்கலாம்.

அதுவரை வடசென்னை வாசகர்களுக்கு ஒன்று. கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் செலவிட வேண்டிய ஆலைகள் மணலியிலும் எண்ணூரிலும் இருக்கின்றன. அந்தச் சட்டம் 40 விழுக்காடு கேட்கவில்லை. அவர்களிடம் போகும்போது கருவி வழங்கும் முகாம் கேட்காதீர்கள். வளரும் காதுக்கு மோல்டும், பேட்டரியும், ரிப்பேருக்குப் போகும் நாட்களில் கொடுக்க இரவல் கருவிகளும் கேளுங்கள். அட்டை எங்கே என்று அவர்களும் கேட்டால், ஆடியோகிராமை எடுத்து மேசைமேல் வையுங்கள்.