பட்டனை விட்டால்தான் கேட்கும்!

'திட்டக்குடிக்காரனுக்குக் கடலைப் பற்றி என்னய்யா தெரியும்?' என்று விருத்தாசலத்து நண்பர்கள் சிரிக்கலாம். நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர் வெலிங்டன் ஏரிதான். ஆனால், எங்க ஊர் வழியாகப் போகிற வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் போய்க் கடலில் விழுகிறது. அந்த வகையில் கடல் எனக்கு தூரத்துச் சொந்தம்.

அந்தச் சொந்தக்காரர்களின் படகில் இருக்க வேண்டிய சாமான் ஒன்று உண்டு. வாக்கி டாக்கி! போலீஸ்காரர் தோளில் கரகரக்குமே, அதன் கடல்புறத்துத் தம்பி. வி.ஹெச்.எஃப். என்பார்கள். சிம் கார்டு கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. செல்போனில் ஒருத்தரிடம் பேசினால் அவருக்கு மட்டும்தான் கேட்கும். இதில் பேசினால், அதே சேனலில் பக்கத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். (ரகசியம் பேச லாயக்கில்லை!)

ஆபத்துக்கு உலகம் பூராவும் 16-ம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். அதில் 'மேடே' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். மே தின லீவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை ஸார். 'எனக்கு உதவுங்கள்' என்கிற பிரெஞ்சுப் பேச்சிலிருந்து வந்த வார்த்தை.

சரி, எவ்வளவு தூரம் கேட்கும்? அங்கேதான் வில்லங்கம். பூமி உருண்டை என்று மூணாம் கிளாஸில் மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கே வேலையைக் காட்டும். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற ஜாதி. சின்னப் படகில் நின்று கையடக்க செட்டில் பேசினால், இன்னொரு சின்னப் படகுக்கு 10 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் எட்டும். கரையில் உயரமான டவர் இருந்தால் 30, 35 வரை போகலாம். வாட்ஸைவிட உயரம்தான் முக்கியம்.

2017 நவம்பர் 29-ம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் ஒக்கி புயலாகிவிட்டது. குமரி மாவட்டத்து விசைப்படகுகள் பல, அதற்குப் பல நாள் முன்பே தங்குகடலுக்குக் கிளம்பி வெகுதூரம் போயிருந்தன. கரையிலிருந்து கூப்பிட்டாலும் எட்டாத தூரம். தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் நூற்றுக்கணக்கானவர்கள் வீடு திரும்பவில்லை. அதற்கப்புறம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் படகுகளுக்குக் கூடுதலாக வர ஆரம்பித்தன.

அதனால் கையடக்க செட் வேஸ்ட் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செயற்கைக்கோள் கருவி கரைக்குச் சேதி சொல்லும். ஆனால், கூப்பிடு தூரத்தில் இருக்கிற படகுதான் முதலில் வந்து கை கொடுக்கும். எட்டாத தூரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒருத்தர் கூப்பிட்டதற்குக் கரையிலிருந்து பதில் வரவில்லையென்றால், கேட்டவர் 'மேடே ரிலே' என்று சொல்லி அடுத்தவருக்குக் கடத்தலாம். அவர் அதற்கடுத்தவருக்கு. புயல் எச்சரிக்கையையும் இப்படியே படகு படகாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஒரே நிபந்தனை: நடுவில் யாராவது ஒருத்தர் செட்டை ஆன் பண்ணி, காதைத் தீட்டி வைத்திருக்க வேண்டும். சார்ஜ் தீர்ந்த செட்டும், பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போன செட்டும் அந்தச் சங்கிலியை அறுத்துவிடும்.

இன்னொன்று. அந்த செட்டில் பட்டனை அழுத்தினால் பேசலாம். அழுத்தியிருக்கிற வரை எதுவும் கேட்காது. அதைவிட மோசம், அந்தச் சேனலில் வேறு யாரும் பேசவும் முடியாது. அதனால்தான் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லி, 'ஓவர்' என்று பட்டனை விட்டுவிடுகிறார்கள்.

நம் ஆபீஸ் மீட்டிங்குகளில் பட்டனை விடாமலே மூணு மணி நேரம் பேசுகிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அங்கே காபி ஆறிப்போகும், அவ்வளவுதான். கடலில் அப்படி இல்லை. யாரோ ஒருத்தர் 'மேடே' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

ஓவர்.