ரெண்டு சுவிட்ச் இருந்தும் நெட் ஏன் போகுது?

காலை 11 மணி. வீடியோ மீட்டிங் பாதியில் அப்படியே உறைந்து நிற்கிறது. "நெட் போச்சா?" என்று பக்கத்து சீட்டிலிருந்து குரல். சர்வர் அறையிலோ லட்சங்கள் கொடுத்து வாங்கிய இரண்டு சுவிட்சுகள். ஒன்று படுத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்றுதானே வாங்கினார்கள்?

பெட்டி வாங்குவது பாதி வேலைதான். மீதி, யாரும் கண்டுகொள்ளாத கான்ஃபிகரேஷன்.

எப்படி வேலை செய்கிறது?

ஆபீஸ் லேப்டாப்புக்கு வெளியுலகம் போகத் தெரிந்த வாசல் ஒன்றுதான்: டீஃபால்ட் கேட்வே. அந்த வாசலை இரண்டு சுவிட்சுகள் பங்குபோட்டுக் காப்பதற்காக வந்தவை சிஸ்கோவின் ஹெச்.எஸ்.ஆர்.பி.யும், பொதுத் தரமான வி.ஆர்.ஆர்.பி.யும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஐ.பி. முகவரி. ஒன்று வேலை பார்க்கும், மற்றது காத்திருக்கும். ஹெச்.எஸ்.ஆர்.பி.யில் வழக்கமாக 3 விநாடிக்கு ஒரு 'ஹலோ'. 10 விநாடி சத்தமே இல்லையென்றால், காத்திருந்தது பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

எங்கே சறுக்குகிறது?

சுவிட்ச் நன்றாக இருக்கிறது, அதிலிருந்து வெளியே போகும் கேபிள் மட்டும் அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஹலோ போய்க்கொண்டேதான் இருக்கும். இதற்காகவே 'டிராக்கிங்' வசதி உண்டு. லிங்க் போனால் முன்னுரிமை எண் வழக்கமாக 10 குறையும். முதல் சுவிட்சுக்கு 120, இரண்டாவதுக்கு 100 என்று வைத்திருந்தால்? குறைந்த பிறகும் 110. பொறுப்பு மாறவே மாறாது! குறைப்பை 30 ஆக்கினாலும் போதாது. இரண்டாவது சுவிட்சில் 'ப்ரீ-எம்ப்ட்' ஆன் ஆகியிருக்க வேண்டும். ஹெச்.எஸ்.ஆர்.பி.யில் அது தானாக ஆன் ஆகாது.

அடுத்தது லோடு ஷேரிங். வி-லேன் 10-க்கு முதல் சுவிட்ச், வி-லேன் 20-க்கு இரண்டாவது என்று பிரிப்பது நல்ல யோசனை. சும்மா நிற்கும் பெட்டியும் உழைக்கும். ஆனால், இரண்டு லிங்கும் 70 சதவீதம் நிரம்பி ஓடினால், ஒன்று விழும்போது மற்றதன் தலையில் 140 சதவீதம். அது பேக்கப் இல்லை, கணக்கில் மட்டும் இருக்கும் பேக்கப். பாதிக்குக் கீழே வைத்திருந்தால்தான் நிம்மதி.

சோதித்தால்தான் தெரியும்

2021 அக்டோபர் 4-ல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் சுமார் 6 மணி நேரம் முடங்கின. காரணம், பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை. அதைத் தடுத்திருக்க வேண்டிய சோதனைக் கருவியிலேயே பிழை. அது வேறு வகைக் கோளாறுதான். ஆனால் பாடம் ஒன்றே. காவலுக்கு வைத்ததையும் யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆபீஸ் முடிந்த பிறகு, முன்கூட்டியே சொல்லிவிட்டு அந்த கேபிளைக் கழற்றிப் பார்க்க நெட்வொர்க் டீமுக்கு அனுமதி கொடுங்கள். "இரண்டாவது சுவிட்ச் வாங்கியாச்சா?" என்று கேட்கும் மேலாளர்கள் இனி கேட்க வேண்டியது, "கழற்றிப் பார்த்தாச்சா?"