ஒரு சாண் அடிவானம்

வீட்டில் உட்கார்ந்து முப்பரிமாணப் படம் பார்ப்பது வீண் வேலை என்று தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. எழுதியவர்கள் இரு சாரார். ஒருவர் டி.வி. வியாபாரி. 2010-ல் இனி இதுதான் சினிமா என்று சொல்லிக் கண்ணாடியை நம் கையில் திணித்தவர், 2016-ல் சாம்சங்காகவும் 2017-ல் எல்ஜியாகவும் சோனியாகவும் கடையைச் சாத்திக்கொண்டார். மற்றவர் நம் சினிமா விமர்சகர். அவர் எதையும் திணிக்கவில்லை, எதையும் சாத்தவுமில்லை. ஏனெனில் எதையும் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கான வித்தை என்று ஒரு வரி. அடுத்த வரியில் பெர்க்மனுக்குப் போய்விடுவார்.

வியாபாரியும் விமர்சகனும் ஒரே முடிவுக்கு வரும்போது இருவரில் ஒருவன் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். வியாபாரி தன் வேலையைத்தான் செய்தார். விலைபோகாததை நிறுத்தினார். அவரிடம் எனக்குப் பேச்சில்லை.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். முப்பரிமாணம் என்பது விளம்பரத்துக்கு வைத்த பெயர். திரையில் மூன்றாவது பரிமாணம் எதுவும் கிடையாது. இரண்டு தட்டையான படங்கள், இரண்டரை அங்குல இடைவெளியில் இருக்கும் இரண்டு கண்களுக்கு ஆளுக்கொன்று. அவற்றுக்கிடையே உள்ள அற்ப வித்தியாசத்திலிருந்து ஆழத்தைச் சிருஷ்டித்துக்கொள்வது பார்ப்பவனின் மூளை. ஆகவே இருகண் படம் என்பதே சரி. நான் அப்படித்தான் சொல்லப்போகிறேன். இது வெறும் சொல் சண்டையல்ல. ஆழம் திரையில் இருக்கிறது என்று நம்புகிறவன், திரை எத்தனை பெரிது என்று மட்டும் கேட்பான். அது பார்ப்பவனுக்குள் உண்டாகிறது என்று தெரிந்தவன், அவன் எங்கே உட்கார்ந்து என்ன படத்தைப் பார்க்கிறான் என்று கேட்பான்.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதம். அதை அவர்கள் சொன்னதில்லை. அவர்களுக்காக நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அரங்கத்தில் 40 அடி அகலத் திரை. தூரத்து மலை ஒன்றின் இரு பிம்பங்களும் அதில் 65 மில்லிமீட்டர் விலகி நிற்கின்றன. நம் கண்களுக்கிடையே உள்ள தூரமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இரு கண்களின் பார்வையும் இணைகோடுகளாக ஓடுகின்றன; மலை அடிவானத்துக்குப் போய்விடுகிறது. அதே படத்தை 4 அடி அகல டி.வி.யில் போடுங்கள். 65 மில்லிமீட்டர் ஆறரை ஆகிவிடும். 8 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்கு, வடிவகணிதப்படி, அடிவானம் டி.வி.க்குப் பின்னால் சுமார் 11 அங்குலத்தில் முடிந்துவிடுகிறது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ‘அவதார்’ படத்தின் மிதக்கும் மலைகள் நம் வீட்டின் ஒன்பதங்குலச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குள் இரண்டங்குலம் எட்டிப் பார்க்கும். முன்பக்கமும் இதே கதைதான். 1952-ல் ‘ப்வானா டெவில்’ வந்தபோது மடியில் சிங்கம் என்று விளம்பரம் செய்தார்கள். அரங்கத்தில் பார்ப்பவனை நோக்கிப் பாதி தூரம் பாய்கிற சிங்கம், வீட்டில் டி.வி.யை விட்டு ஒன்பதங்குலம் இறங்கி நின்றுகொள்ளும். மடி இன்னும் ஏழடிக்கு அப்பால் இருக்கிறது.

நிழல், உருவ அளவு போன்ற மற்றச் சாடைகளைக் கொண்டு மூளை இதைக் கொஞ்சம் ஈடுகட்டத்தான் செய்யும். ஆனாலும் மனிதர்கள் கொலுப் பொம்மைகள்போலத் தெரிவதைத் தவிர்க்க முடிவதில்லை. கண்ணாடி பாதிக்கு மேற்பட்ட வெளிச்சத்தையும் தின்றுவிடுகிறது. எனவே அரங்கத்தை மனதில் வைத்து எடுத்த பிரம்மாண்டங்களை வீட்டில் இருகண் படமாகப் பார்ப்பது வீண். ஒற்றைக் கேமராவில் எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் ஆழத்தை ஏற்றியவை அதைவிட மோசம். 2007-ல் வந்த ‘சிவாஜி’யை 2012-ல் இப்படி மாற்றித் திரும்பவும் திரையிட்டார்கள். எடுத்தவர் ஆழத்தில் யோசிக்காத காட்சிக்கு ஆழம் எதற்கு? உரைநடையை ஒடித்து ஒடித்து அடுக்கிப் புதுக்கவிதை என்று அச்சிடுகிற காரியம் இது. நமக்குப் பழக்கமானதுதான்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் விமர்சகர் சொன்னது சரி என்றாகும். ஆனால் அவர் ஒரு சரித்திரத்தை மறந்துவிட்டார், அல்லது தெரிந்துகொள்ளவில்லை. சார்ல்ஸ் வீட்ஸ்டன் கண்ணாடிகளை வைத்து இருகண் கருவியை விளக்கியது 1838-ல். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த வருஷந்தான். சினிமா பிறக்க இன்னும் ஐம்பத்தேழு வருஷங்கள் இருந்தன. இந்த ஐம்பத்தேழு வருஷங்களில் இருகண் படத்தை எங்கே பார்த்தார்கள்? வீட்டில். கூடத்தில் உட்கார்ந்து, கையளவு கருவியைக் கண்ணில் வைத்து, ஒரு அட்டை மாற்றி இன்னொரு அட்டையாக. 1939-ல் வந்த வியூ-மாஸ்டரும் அந்த வம்சந்தான். இருகண் படத்தின் சொந்த வீடு வீடுதான். அரங்கம் அது பிற்பாடு குடிபோன இடம். அங்கே போனதும் அது கத்த ஆரம்பித்தது, கைநீட்டி முகத்தில் குத்த ஆரம்பித்தது. 1984-ல் வந்த மலையாளக் ‘குட்டிச்சாத்தா’னும் மறு வருஷம் தமிழில் வந்த ‘அன்னை பூமி’யும் நமக்குக் கற்பித்தது அந்தக் கத்தலைத்தான். முகத்துக்கு நேரே நீண்ட ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கையை நீட்டிய தலைமுறை நாங்கள். அந்தக் கையை மடக்கிக்கொண்டு ஆழத்தைப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஹிட்ச்காக்கின் ‘டயல் எம் ஃபார் மர்டர்’ (1954) இருகண் படமாக எடுக்கப்பட்டது. அன்றைக்கு அந்த மோகம் வடிந்துகொண்டிருந்ததால் பெரும்பாலான அரங்குகள் அதைத் தட்டையாகவே ஓட்டின. நம்மில் பலரும் தட்டையாகவே பார்த்து, நாடகத்தைப் படம்பிடித்திருக்கிறார், சுமார் ரகம் என்று சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். 2012-ல் இருகண் வட்டாக வந்த பிறகுதான் தெரிகிறது. ஏறக்குறையப் படம் முழுக்க ஒரே அறை. கேமரா தாழ இருக்கிறது; முன்னால் மேஜை விளக்கு, புட்டிகள், நாற்காலி முதுகு. இவற்றுக்குப் பின்னால், அகப்பட்டுக்கொண்டவர்களாக மனிதர்கள். தட்டையாகப் பார்த்தால் விளக்கு மறைக்கிறது. இரு கண்ணாலும் பார்த்தால் விளக்குக்கும் மனைவிக்கும் இடையே உள்ள காலி இடத்தில் கணவனின் திட்டம் நடமாடுகிறது. பெரும்பாலும் பொருள்களை உள்ளேயே வைத்திருந்துவிட்டு, கழுத்து நெரிபடும்போது கிரேஸ் கெல்லியின் கையை நம் பக்கம் நீளவிடுகிறார். அது கத்தரிக்கோலைத் தேடுகிற கை. உதவி கேட்கிற கை நம் பக்கம் வருகிறது, நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது அந்த ஒரு சாண் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மலையும் கிரகமும் ஒரு சாணில் அடங்காது. ஒரு அறை அநேகமாக அடங்கும். அறைக்குள் நடக்கிற கதையை அறைக்குள் பார்க்கும்போது நஷ்டம் சொற்பம். வீட்டில் பார்க்கலாமா என்ற கேள்விக்குப் பதில் கருவியில் இல்லை, எந்தப் படம் என்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோதாரின் ‘மொழிக்கு விடை’ (2014) இன்னும் ஒரு படி மேலே போகிறது. எண்பதைத் தாண்டிய கிழவர், உதவியாளர் ஃபாப்ரீஸ் அரான்யோ செய்த தாங்கிகளில் யாரும் வாங்கக்கூடிய சிறு கேமராக்களை ஜோடி சேர்த்து எடுத்த படம். ஒரு வீடு, ஒரு ஆண், ஒரு பெண், பிறகு இன்னொரு ஜோடி, ஒரு நாய். எழுபது நிமிஷம். இதில் ஒரு காட்சி. ஆணும் பெண்ணும் நிற்கிறார்கள். பெண் விலகிப் போகிறாள். ஒரு கேமரா அவளோடு திரும்புகிறது. மற்றது அவனோடு நின்றுவிடுகிறது. நம் ஒரு கண்ணில் அவள், மறு கண்ணில் அவன். மூளை இரண்டையும் ஒட்டப் பார்த்துத் தோற்கிறது, வலிக்கிறது. ஒரு கண்ணை மூடினால் அவள் மட்டும், மறு கண்ணை மூடினால் அவன் மட்டும். வெட்டு எங்கே விழுவது என்பதைப் படத்தொகுப்பாளனிடமிருந்து பிடுங்கி நம் இமையிடம் கொடுத்துவிட்டார். பிறகு அவள் திரும்பி வர, இரண்டு படமும் பழையபடி ஒன்றாகின்றன. பிரிவு என்பதைப் பற்றி சினிமா நூறு வருஷம் பேசியிருக்கிறது. இங்கே பிரிவு பார்ப்பவனின் மண்டைக்குள் நடக்கிறது. தட்டையான பிரதியில் இந்தக் காட்சி இருக்கவே முடியாது. இதையா வித்தை என்று ஒரு வரியில் கடந்துபோனீர்கள்?

இதை நான் பார்த்தது அரங்கத்தில் அல்ல. நண்பர் ஒருவரின் புரொஜெக்டரில், சுண்ணாம்பு அடித்த சுவரில். இடம் வலமாக மாறி மாறி மூடித் திறக்கும் கண்ணாடி என்பதால் வெள்ளித்திரை தேவைப்படவில்லை. காட்சியை மூன்று முறை ஓட்டினோம்: இடது கண், வலது கண், இரண்டும். நல்ல கவிதை ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிக்கிற மாதிரி. அரங்கத்தில் இதற்கு வழியில்லை.

வேறு படங்களும் உண்டு. வெண்டர்ஸின் ‘பினா’ (2011), நடனக்காரர்களுக்கு இடையே உள்ள வெளியைக் காட்டுகிறது. ஹெர்ட்ஸாகின் ‘மறந்த கனவுகளின் குகை’ (2010), பொதுமக்கள் நுழையவே முடியாத ஷோவே குகைக்குள், இரண்டடி அகல நடைபாதையில் நின்று எடுத்தது. முப்பதாயிரம் வருஷங்களுக்கு முன்பு பாறையின் புடைப்பைப் பார்த்து அதையே மிருகத்தின் உடம்பாக்கி வரைந்திருக்கிறான் ஒருவன். தட்டைப் படத்தில் அவனுடைய பாதி வேலை அழிந்துபோகிறது. ஸ்கார்சேஸியின் ‘ஹ்யூகோ’வையும் சேர்த்துக்கொள்கிறேன், அரை மனதாக. மொத்தத்தில் பட்டியல் சின்னது. ஒரு கலை வடிவத்தில் பத்து நல்ல படைப்புகள் தேறினால் அது பொய் வடிவம் என்று நாம் சொல்வதில்லை. தமிழ் நாவலுக்கு அந்த அளவுகோலை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது தலையில் மாட்டிக்கொள்ளும் பெட்டிகள் வந்திருக்கின்றன. 2024-ல் ஆப்பிளும் ஒன்றைக் கொண்டுவந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் திரை, இருட்டடிப்பு இல்லை, ஒரு கண்ணின் படம் மறு கண்ணில் கசிவதில்லை. திரையை எத்தனை அடி வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். அடிவானம் அதன் இடத்துக்கே போய்விடுகிறது. என் ஒரு சாண் கணக்கு அங்கே செல்லாது. ஆனால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. கோதாரின் அந்தக் காட்சி முடிந்ததும் நண்பர் என் பக்கம் திரும்பி, எந்தக் கண்ணை மூடினீர்கள் என்று கேட்டார். பெட்டிக்குள் இந்தக் கேள்வி வராது. என் குறை அது ஒன்றுதான்; மற்றவர்களுக்கு அது குறையாகத் தோன்றாமலும் இருக்கலாம்.

விஷயம் கருவி வாங்குவதா வேண்டாமா என்பதோடு நிற்கவில்லை. இந்தப் படங்கள் மறுபடியும் இருகண் படங்களாக நம் ஊர் அரங்குக்கு வரும் என்று நான் காத்திருக்கப்போவதில்லை. டி.வி. செய்வதை நிறுத்திவிட்டார்கள். வட்டுகள் மெல்ல அருகி வருகின்றன. படிக்கத் தெரிந்தவன் போன பிறகு சுவடி கிடந்தும் பயனில்லை என்பது நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயமா? வீட்டில் பார்ப்பது வீண் என்று ஒரு வரி எழுதுகிற விமர்சகர், இவற்றை எவருமே பார்க்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறார். 1953-ல் ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ படத்தை இருகண் படமாக இயக்கிய ஆந்த்ரே டி டாத்துக்கு ஒரே கண்தான் பார்வை. தான் எடுத்ததன் ஆழத்தை அவரால் பார்க்க முடியாது; இருந்தும் எடுத்தார். இரண்டு கண்ணும் உள்ள நம்மவர்கள் பார்க்காமலேயே தள்ளுகிறார்கள்.

2010-க்கும் 2016-க்கும் இடையே வாங்கிய டி.வி. உங்கள் வீட்டிலோ மைத்துனர் வீட்டிலோ இருக்கக்கூடும். காயலான் கடைக்குப் போடுமுன் பின்பக்கம் திருப்பி மாடல் எண்ணைப் பாருங்கள். பரணில் கண்ணாடி இருக்கும். பாட்டரி செத்திருக்கும், மாற்றிக்கொள்ளலாம். முதலில் ஹிட்ச்காக், விளக்கை அணைத்துவிட்டு, எட்டடி வேண்டாம், ஐந்தடியில் உட்காருங்கள்.