ஆண்டு மட்டும் மனப்பாடம்!



இடைநிலைப்பள்ளியில் பயிலும் என் பழைய மாணவி ஒருத்தி தன் வரலாற்றுக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "அல்-இமாம், 1906, சிங்கப்பூர், சையத் ஷேக் அல்-ஹாடி" என ஒரே வரி. இவர் யாரம்மா என்று வினவினேன். "தேர்வுக்கு இவ்வளவு போதும் ஐயா" என்றாள். அவளை நான் குறைகூற மாட்டேன். அந்த வரியோடு நிறுத்திக்கொண்ட நம்மைப் போன்ற ஆசிரியர்களைத்தான் குறைகூறுகிறேன்.

மலாக்காவில் பிறந்து, ரியாவ் தீவுகளில் வளர்ந்தவர் சையத் ஷேக். மார்க்க அறிஞர். சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் பினாங்கிலும் மதரசாக்களில் பணியாற்றியவர். ஆனால், அவருடைய உண்மையான போர்க்களம் அச்சகம். 1925-26இல் கெய்ரோவைக் களமாகக் கொண்டு ஒரு மலாய் நாவல் எழுதினார். அதன் நாயகி ஃபரிடா ஹானும் படித்த பெண். ஒருவரை விரும்புகிறாள், வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட வற்புறுத்தப்படுகிறாள். அவள் அழுது அடங்கிப் போகவில்லை. மார்க்கம் தனக்கு வழங்கிய உரிமையை எடுத்துக்காட்டி வாதாடுகிறாள்! அந்நூல் ஈட்டிய வருவாயின் துணையோடு 1927இல் பினாங்கில் எழுந்ததுதான் ஜெலுத்தோங் அச்சகம்.

மார்க்க அறிஞர் காதற்கதை எழுதலாமா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எழுதலாம் என்பேன். சொற்பொழிவு மண்டபத்துக்கு வர இயலாத பெண்ணின் வீட்டுக்குள் கதைப்புத்தகம் நுழையும். இதை உணர்ந்தவரைத் தாழ்வாக எண்ணுவது அறியாமை.

கதையோடு அவர் நிற்கவில்லை. 1926இல் தொடங்கிய தம் 'அல்-இக்வான்' திங்களிதழில் பெண்கல்வி, பெண்ணுரிமை பற்றித் தொடர்ந்து எழுதினார். எகிப்தின் காசிம் அமீன் 1899இல் எழுதிய பெண்விடுதலை நூலைத் தழுவிய அக்கட்டுரைகள், 1930இல் 'ஆலாம் பெரெம்புவான்' (பெண்ணுலகம்) என நூலாயின. அவர் வாதத்தின் சாரம் இதுதான்: பெண்ணை ஒடுக்கியது மார்க்கமன்று, மார்க்கத்தின் பெயரால் நிலைத்துவிட்ட வழக்கம். தழுவல்தானே என்று தள்ளிவிடாதீர்கள். அரபு மொழியில் அடைபட்டிருந்த வழக்கை ஜாவி எழுத்தில் மலாய்க் குடும்பங்களுக்குக் கொண்டு சேர்ப்பது எளிய செயலா? 'கவும் மூடா' எனப்பட்ட சீர்திருத்த அணிக்கும் 'கவும் துவா' எனப்பட்ட பழமை அணிக்கும் இடையே கடும் பூசல் நிலவிய காலம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெண் கற்றால்தான் பிள்ளைகளும் இனமும் உயரும் என்ற போக்கிலேயே அவர் வாதம் பெரிதும் செல்கிறது. பெண் தனக்காகவே கற்கலாம் என்று இன்று நாம் கூறுவோம். இக்குறை அவருடைய காலத்துச் சீர்திருத்தக்காரர் பலருக்கும் உரியது.

ஆசிரியர் அறையில் இதைப் பேசியபோது ஒரு நண்பர், "அவர்கள் கதை நமக்கு எதற்கு?" என்றார். எனக்குச் சினம் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியதை மேடைதோறும் முழங்குகிறோமே! அதே பினாங்கில், அதே ஆண்டில், ஒரு மார்க்க அறிஞர் பெண்ணுக்காக அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார் என்பது எப்படி நமக்கு அயலாகும்? பெண்ணுரிமை மேலைநாட்டுச் சரக்கு என்று இன்றைக்கும் கூசாமல் பேசுவோர் எல்லா இனத்திலும் எல்லாச் சமயத்திலும் உள்ளனர். நம் கோயில் மண்டபங்களிலும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு இம்மண்ணிலேயே விடை இருக்கிறது. அதைத் தேர்வுக் குறிப்புக்குள் புதைத்து வைத்திருக்கிறோம்.

1934 பிப்ரவரியில் சையத் ஷேக் பினாங்கில் காலமானார். வரலாறு கற்பிக்கும் நண்பர்களே, அந்த ஒற்றை வரிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதிக் கொடுங்கள்: 1930, ஆலாம் பெரெம்புவான், ஜெலுத்தோங் அச்சகம், பினாங்கு. தேர்வில் வராவிட்டாலும் எழுதிக் கொடுங்கள்.