சேரியின் காகிதங்களுக்கு நூலகத்தில் ஓர் அலமாரி

வீட்டு வரியோடு நூலக வரியும் சேரி மக்கள் கட்டுகிறார்கள். ஆனால் நூலகத்தில் போய் 'ஊர் வரலாறு' கேட்டால் என்ன கிடைக்கிறது? தலபுராணம், ஜமீன் வம்சாவளி. 'ஊர்' வேறு, 'சேரி' வேறு என்கிற அதே கணக்குதான் அலமாரியிலும்.

காகிதம் சின்ன விஷயமில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையும், 1892 அரசாணையும்தான் பஞ்சமி நிலத்துக்கு ஆதாரம். அந்த நிலத்தைக் கேட்ட காரணைப் போராட்டத்தில்தான் 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள்.

கிளை நூலகத்தில் ஓர் அலமாரி கேட்போம். பழைய பட்டா, மனு, தீர்ப்பு, துண்டறிக்கை என்று டிரங்குப் பெட்டியில் கரையான் தின்கிற எல்லாவற்றையும் நகலெடுத்து வைப்போம். மூலம் நம்ம கையிலேயே இருக்கட்டும்.

வாசகர் வட்டத்தில் புத்தகப் பாராட்டு மட்டும் நடந்தால் போதாது. மாதம் ஒரு மாலை இந்தக் காகிதங்களைச் சத்தமாப் படிக்கணும். எந்த வயல் யார் கையிலிருந்து யாருக்குப் போச்சு என்பது படிக்கத் தெரியாத கிழவிக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை மாணவத் தோழர்கள் தேதி போட்டு எழுதி, அங்கேயே வைக்கட்டும்.

"அரசாங்க நூலகம் எதுக்கு, நாமளே தனியா வச்சுக்கலாமே?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். தனியாகவும் வைப்போம். ஆனால் நம் வரிப்பணத்தில் நடக்கும் பொது இடத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? ஊர்ப் பிள்ளைகளும் அதைப் படிக்கட்டுமே.

முடியாது என்று நூலகத்தில் சொன்னால், அதை எழுத்தில் வாங்குங்கள். அதுவும் நம் ஆவணம்தான்.