18 கோடி ரூபா, ஒரு தோள்பட்டை: பத்திரணவை வாங்கியது சரியான கணக்கா?

டிசம்பர் 16ஆம் திகதி பிற்பகல் கண்டி நகரில் தொலைபேசி திருத்தும் கடையொன்றில் நின்றிருந்தேன். டிட்வா புயல் மழையில் நனைந்துபோன என் தொலைபேசிக்காக அந்தக் கடைக்கு மூன்றாவது தடவையாக அலைந்த நாள் அது. கடைப் பையன்கள் இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. அபுதாபியில் நடந்துகொண்டிருந்த ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதீஷ பத்திரணவின் பெயர் வந்தது. ஆரம்ப விலை 2 கோடி இந்திய ரூபா. டெல்லியும் லக்னோவும் மாறி மாறிக் கேட்க, பிறகு நுழைந்த கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 18 கோடிக்கு அவரை எடுத்தது. ஒரு பையன் சிங்களத்தில் கத்திக் கொண்டாடினான். மற்றவன் தமிழ்ப் பையன். அவன் என்னைப் பார்த்து, “அண்ணே, ஆள் முழு சீசனும் தாக்குப் பிடிப்பாரா?” என்று கேட்டான்.

பத்திரண கண்டியில் பிறந்தவர். பேராதனை ரணபிம ரோயல் கல்லூரியிலும், பிறகு கண்டி திரித்துவக் கல்லூரியிலும் படித்தவர். ஏலம் முடிந்து இரண்டு நாட்களில் அவருக்கு 23 வயது. 18 கோடி இந்திய ரூபா என்பது ஏறத்தாழ அறுபது கோடி இலங்கை ரூபா. ஐ.பி.எல். வரலாற்றில் இலங்கையர் ஒருவருக்குக் கிடைத்த அதிகூடிய விலை இதுதான். மண்சரிவில் காணாமல் போனவர்களின் பெயர்கள் பட்டியலில் இருந்து இன்னும் நீங்காத ஒரு மாவட்டத்தில் அந்தத் தொகையைக் கேட்பது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று பஸ்ஸில், சாப்பாட்டுக் கடையில், எல்லா இடத்திலும் அதுவே பேச்சு. புயலைத் தவிர வேறு எதையாவது பேசக் கிடைத்ததே என்ற ஆறுதலும் அதில் இருந்திருக்கலாம்.

அன்றிரவு கிளிநொச்சியிலிருந்து என் பல்கலைக்கழக நண்பன் செய்தி அனுப்பினான்: “மச்சான், உங்கட ஊர்ப் பெடியன் சென்னையை விட்டுட்டான்.” அவன் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகன். இலங்கை அணி வென்றால் அவனுக்குச் சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. பத்திரணவை மட்டும் மஞ்சள் சட்டை வழியாக ஏற்றுக்கொண்டவன். 2013இல் ஜெயலலிதாவின் எதிர்ப்பால் இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் நடந்த ஐ.பி.எல். போட்டிகளில் ஆடவில்லை. யுத்தம் முடிந்து நான்கு வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்போது அந்த முடிவை அவன் மனதார ஆதரித்தான். பத்து வருடங்கள் கழித்து, 2023 மே 6ஆம் திகதி அதே சேப்பாக்கத்தில் மும்பைக்கு எதிராகப் பத்திரண 15 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தபோது மைதானமே எழுந்து நின்றது. அவனும் எழுந்து நின்றதாகச் சொன்னான். இது முரண்பாடா என்று நான் கேட்கவில்லை. முரளிதரன் விஷயத்தில் எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த சண்டைகளே போதும்.

பையனின் கேள்விக்கு வருவோம். பத்திரணவின் உடல் வரலாறு நீளமானது. 2023 ஒக்டோபரில் உலகக் கிண்ணத்தின் நடுவில் தோள்பட்டைக் காயம். அவருக்குப் பதிலாக அஞ்சலோ மெத்யூஸ் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 2024 மார்ச்சில் பங்களாதேஷ் தொடரில் தொடையின் பின்தசைக் காயம். அதனால் ஐ.பி.எல். தொடக்கத்தைத் தவறவிட்டார். மே மாதம் அதே தசைப் பிரச்சினையால் தொடர் முடிய முன்னரே நாடு திரும்பினார். ஓகஸ்டில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் தொடரை மீண்டும் தோள்பட்டையால் இழந்தார். ஒரு வருடத்துக்குள் இவ்வளவும். கை பக்கவாட்டில் தாழ்ந்து சுழலும் அவருடைய வீச்சு முறைதான் அவருடைய ஆயுதம். தோளுக்கும் முதுகுக்கும் அதிக சுமை தருவதும் அதே முறைதான். அவரைச் சிவப்புப் பந்து கிரிக்கெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் பெரிய தொடர்களுக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று தோனி 2023இலேயே சொல்லியிருந்தார்.

இனி எண்கள். காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக 2022இல் சென்னைக்குப் போனபோது அவருடைய விலை 20 லட்சம். 2023இல் 12 போட்டிகளில் 19 விக்கெட். அந்த வருடம் சென்னை கிண்ணம் வென்றது. 2024இல் 6 போட்டிகள் மட்டும், ஆனால் 13 விக்கெட். அந்த ஆறு போட்டிகளுக்குப் பிறகுதான் சென்னை அவரை 13 கோடிக்குத் தக்கவைத்தது. 2025இல் 12 போட்டிகள் ஆடினார். அதிலும் 13 விக்கெட்தான். ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். வைட் பந்துகளும் நிறைய. சென்னை கடைசி இடத்தில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது: அதிகம் காயப்பட்ட வருடத்தில்தான் அவர் மிகச் சிறப்பாக வீசினார். உடல் ஓரளவு ஒத்துழைத்த வருடத்தில் வீச்சு தளர்ந்திருந்தது. ஆகவே ‘காயம் வராவிட்டால் சரி’ என்ற கணக்கு இங்கே போதாது. தசையைக் காப்பாற்ற ஒரு பந்துவீச்சாளர் தன்னையறியாமலே எதையாவது குறைத்துக்கொண்டால், 14 போட்டிகளும் ஆடினாலும் பழைய பத்திரண கிடைக்கமாட்டார். நான்கு வருடங்கள் அவரை அருகிலிருந்து பார்த்த அணி நவம்பரில் அவரை விடுவித்தது. ஒரு பழைய வானை விற்கிறவருக்குத்தான் அதன் இன்ஜின் நிலைமை தெரியும்.

அப்படியானால் கொல்கத்தா ஏமாந்துவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. காரணம், இந்த விளையாட்டில் அந்த அணிக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. 2018இல் மிட்செல் ஸ்டார்க்கை 9.4 கோடிக்கு வாங்கினார்கள். கால் எலும்புக் காயத்தால் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. 2025இல் அன்ரிச் நோர்க்கியாவை 6.5 கோடிக்கு எடுத்தார்கள். அவர் ஆடியது இரண்டே போட்டிகள். ஆனால் இவற்றுக்கு நடுவில் 2024இல், அதே ஸ்டார்க்கை 24.75 கோடிக்குத் திரும்ப எடுத்தார்கள். ஊரே சிரித்தது. அவர் 17 விக்கெட் எடுத்து, இறுதிப் போட்டியின் ஆட்டநாயகனாகிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார். மூன்று சூதாட்டத்தில் ஒன்று பலித்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறது அந்த நிறுவனம். இந்த ஏலத்துக்கு அவர்கள் கொண்டுவந்த தொகை 64.3 கோடி. பத்து அணிகளில் அதுதான் அதிகம். செலவழிக்காத பணம் கடைசி ஓவர் வீசாது.

ஸ்டார்க்கின் 2018ஆம் வருடக் கதையில் இன்னொரு பாகம் இருக்கிறது. அதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஐ.பி.எல். ஒப்பந்தப்படி, தொடர் தொடங்க முன்னர் காயத்தால் விலகும் வெளிநாட்டு வீரருக்குப் பொதுவாகச் சம்பளம் இல்லை. ஸ்டார்க் முன்யோசனையோடு தன் சொந்தச் செலவில் காப்புறுதி எடுத்திருந்தார். காப்புறுதிக்காரர்கள் பணம் தர மறுத்தார்கள். சுமார் 15 லட்சம் அமெரிக்க டொலர் கேட்டு 2019இல் அவர் மெல்பேர்னில் வழக்குப் போட்டார். எந்தப் பந்தில் காயம் ஏற்பட்டது என்பதைக் காட்ட தொலைக்காட்சிக் காட்சிகளைக்கூடத் தேட வேண்டியிருந்தது. 2020இல் இணக்கத்துக்கு வந்தார்கள். அதாவது நாம் ‘அணி சூதாடுகிறது’ என்று சொல்லும்போது, பந்தயப் பணத்தில் ஒரு பெரிய பங்கு வீரருடைய பையிலிருந்துதான் போகிறது.

உதைபந்தாட்டத்தில் இது வேறு மாதிரி. நெய்மார் 2023 ஓகஸ்டில் சவூதியின் அல் ஹிலாலுக்குப் போனார். ஒக்டோபரில் பிரேசிலுக்காக உருகுவேயுடன் ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. 2025 ஜனவரியில் ஒப்பந்தம் முடிக்கப்படும்வரை கழகத்துக்காக அவர் ஆடியது ஏழே போட்டிகள். சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நாட்டுக்காக ஆடிக் காயப்பட்டால் கழகத்தின் நட்டத்தில் ஒரு பகுதியை ஈடுசெய்ய ஃபீபாவிடம் ஒரு திட்டமும் இருக்கிறது.

பத்திரணவுக்கு அடுத்த சில மாதங்கள் எப்படிப் போகப் போகின்றன என்று பாருங்கள். பெப்ரவரி 7இல் இருபதுக்கு 20 உலகக் கிண்ணம், இலங்கையிலும் இந்தியாவிலும். 16ஆம் திகதி பல்லேகலையில் அவுஸ்திரேலியா. சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், தசை கொஞ்சம் இழுக்கிறது என்று எந்த 23 வயதுப் பையன் வாய் திறந்து சொல்வான்? சொன்னால் ‘காசுக்காக நாட்டை விட்டான்’ என்பார்கள். சொல்லாமல் ஓடி விழுந்தால் 18 கோடியும் கைவிட்டுப் போகலாம். இலங்கை கிரிக்கெட் நிறுவனம் தடையில்லாச் சான்று கொடுக்கும் இடமாக மட்டும் இருக்காமல், இந்த இரண்டு தொடர்களுக்கும் சேர்த்து அவருடைய ஓவர்களை எண்ணி வைக்க வேண்டும். எங்கள் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொடர் நடுவில் ஊர் திரும்புவது நல்வினை தீவினைப் பலன் அல்ல.

மாலிங்கவைச் சொல்லாமல் முடியாது. அதே வீச்சு முறை, அதே சந்தேகங்கள். முழங்காலால் 2008 ஐ.பி.எல். முழுவதையும் இழந்தார். மும்பை அவரைக் கைவிடவில்லை. 2011இல் அவர் டெஸ்ட் போட்டிகளை விட்டார். இங்கே திட்டாத ஆள் இல்லை. 2019 இறுதிப் போட்டியில், 35 வயதில், கடைசிப் பந்தில் விக்கெட் எடுத்து ஒரு ஓட்டத்தால் சென்னையைத் தோற்கடித்தார். என் கிளிநொச்சி நண்பன் அன்று மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மாலிங்கவைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் மட்டுமல்ல. தன்னால் எதைச் செய்ய முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னதும், அதைக் கேட்டு ஒரு அணி காத்திருந்ததும்தான்.

ஆகவே என் கணிப்பு: கொல்கத்தா வாங்கியது சரி, விலை தவறு. எட்டுக்கும் பத்துக்கும் இடையில் வாங்கியிருந்தால் அவரை எட்டுப் போட்டிகளுக்கு, முக்கியமான எட்டுக்கு, வைத்திருக்கலாம். 18 கொடுத்தவர்கள் ஒவ்வொரு போட்டியிலும் அவரைத் தேடுவார்கள். முழுத் தொகையும் கொடுபட்டு, 2024 போல ஆறு போட்டிதான் ஆடினால் ஒரு போட்டிக்கு 3 கோடி. அந்தக் கணக்கைப் பத்திரிகைகள் போடும், ரசிகர்கள் போடுவார்கள். அந்த அழுத்தம் போய் இறங்கும் இடம் அதே தோள்பட்டை. அதே ஏலத்தில், அவரைப் போலவே அடிக்கடி காயப்படும் ஹசரங்கவை லக்னோ 2 கோடிக்கு எடுத்தது. சூதாடுவதாக இருந்தால் அப்படித்தான் ஆட வேண்டும்.

இந்த வாரம் நண்பனோடு மறுபடி பேசினேன். அவனுடைய தம்பி ஊர்க் கழகத்தின் முன்கள வீரர். 2009இல் தொடையில் ஏறிய ஷெல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. எடுத்தால் நரம்பு போகும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். முழு நேரம் ஓடினால் கால் வீங்கும். வீங்கினால் திங்கட்கிழமை மேசன் வேலைக்குப் போக முடியாது, நாள்சம்பளம் இல்லை. எங்கள் தோட்டங்களில் அரைப்பேர் விழுவதைப்போல அல்ல, ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு சுற்றுப்போட்டிக்கும் அவரை இறக்குவதா இல்லையா என்று கழகத்தில் வாக்குவாதம் நடக்குமாம். கடைசியில் இப்படி முடிவெடுத்தார்களாம்: கடைசி இருபது நிமிடம்தான் இறக்குவது, கால் வீங்கினால் அந்த வாரக் கூலியைக் கழக உறுப்பினர்கள் சேர்த்துக் கொடுப்பது. போன மாதம் இரண்டு நாள் கூலி கொடுத்திருக்கிறார்கள்.

“கோல் அடிச்சவனோ?” என்று கேட்டேன்.

“இல்லை மச்சான், கம்பத்தில பட்டுத் திரும்பிட்டுது.”