தாழ்ந்த காரும் உரசும் சில்லும்

மன்னார்ப் பாலத்தைத் தாண்டி, எருக்கலம்பிட்டிச் சந்தி, தோட்டவெளி, பேசாலை ஆகியவற்றைக் கடந்து, தலைமன்னார்ப் பியர் வரைக்கும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் செல்லும் ஏ-14 வீதியின் யுத்தகால நிலையை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, இன்று அது காப்பெட் வீதியாகக் கிடப்பது ஒரு பாக்கியமாகவே தோன்றும். 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015 மார்ச்சில் ரயிலும் மீண்டும் பியர் வரை வந்து சேர்ந்தது. வீதி செம்மையானதோடு நம் வாலிபர்களிடையே ஒரு புதிய ஆசையும் தலைகாட்டியிருக்கிறது: ஸ்பிரிங்கை மாற்றியோ வெட்டியோ காரைத் தரையை ஒட்ட இறக்கி, அகலமான டயரும் அலோய் ரிம்மும் பூட்டி ஓட்டும் ஆசை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரி வரையில் திறக்கப்படாமையால், புதுக் கார் வாங்க வழியற்றவர்கள் கையிலிருந்த பழைய காரையே சிங்காரிக்கலானதும் இந்த மோகத்தை வளர்த்தது எனலாம்.

இறக்கிய கார் கராஜை விட்டு வெளியேறிச் சில தினங்களுக்குள்ளாகவே, சந்தியில் திரும்பும்போதும் ரயில் கடவையில் ஏறி இறங்கும்போதும், டயர் மட்காட்டில் உரசும் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. அதற்கு நம்மிடையே வழக்கமாகச் செய்யப்படும் சிகிச்சை, மட்காட்டின் விளிம்பைச் சுத்தியலால் அடித்து வளைப்பது, அல்லது கிரைண்டரால் அறுத்தெறிவது. என் அபிப்பிராயத்தில் இது கடைசியாகச் செய்யவேண்டிய காரியத்தை முதலில் செய்வதாகும். டயர் உரசுவதன் காரணத்தை ஆராயாமல் தகட்டை அறுப்பவர், ஓசையை நிறுத்துகிறாரேயன்றி அபாயத்தை நிறுத்துவதில்லை.

காரணம் என்னவென்று பார்ப்போம். ஒரு காரை வடிவமைப்பவர்கள், சில்லு குழியில் விழுந்து மேலெழும்போதும், ஸ்டியரிங்கை முழுவதும் முறிக்கும்போதும், ஐந்து பேரும் அவர்களுடைய மூட்டைகளும் ஏறியிருக்கும்போதும் எதிலும் படாதபடி, மட்காட்டுக்குள் ஓர் இடைவெளியைக் கணக்கிட்டு ஒதுக்குகிறார்கள். காரை 40 மில்லிமீற்றர் இறக்கினால், சில்லு மேலெழுவதற்கென்று ஒதுக்கிய அந்த இடத்தில் 40 மில்லிமீற்றர் நின்ற நிலையிலேயே செலவாகிவிடுகிறது. இறக்குவதற்கென்றே செய்த ஸ்பிரிங் எஞ்சிய குறுகிய தூரத்துக்குள் சுமையைத் தாங்கத் தக்க விறைப்புடன் வருகிறது. வெட்டிய ஸ்பிரிங்கும் சுருள் குறைந்த அளவுக்கு விறைப்பது மெய்யே ஆயினும், அந்த விறைப்பு எவருடைய கணக்குக்கும் உட்பட்டதன்று. தவிரவும் வண்டி துள்ளிச் சில்லு தொங்கும் கணத்தில் அது தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். காஸ் சுவாலையால் சூடாக்கி இறக்கிய ஸ்பிரிங்கோ உருக்கின் பதத்தையே இழந்துவிடுகிறது. இவ்விரண்டையும் எந்தக் கராஜிலும் அனுமதிக்கலாகாது.

ஆகவே பரிகாரத்தின் முதற்படி, உரசும் இடத்தைக் கண்டறிவது. மட்காட்டின் உள்விளிம்பிலும் பிளாஸ்டிக் மறைப்பிலும் சோக்கைத் தடவி ஓட்டிப் பார்த்தால், அழிந்த இடமே உண்மையைச் சொல்லிவிடும். திருப்பும்போது மட்டும் முன் டயர் உட்புறத்தில் படுமாயின் டயரின் அகலத்தையும் ரிம்மையும் சந்தேகிக்க வேண்டும். பாரம் ஏற்றியபோது மட்டும் பின் டயர் மேல்விளிம்பில் படுமாயின் குற்றம் உயரத்திலும் ஸ்பிரிங்கிலும் இருக்கிறது. பின் அச்சு ஒரே தண்டாக அமைந்து, அதனை ஒரு குறுக்குத் தண்டு பக்கவாட்டில் பிடித்திருக்கும் கார்களில், இறக்கியவுடன் அக்குறுக்குத் தண்டின் சாய்வு மாறி அச்சே ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். அத்தகைய காரில் ஒரு பக்கத்து டயர் மாத்திரம் உரசினால், மட்காட்டைத் தொடாமல், நீளத்தைத் திருத்தக்கூடிய குறுக்குத் தண்டு ஒன்றைப் பூட்டுவதே உபாயம். இந்தப் பரீட்சையை வெறுங்காரில் செய்வது வீண். மடுத் திருவிழாவுக்குக் குடும்பம் முழுவதும் புறப்படும்போது கார் எவ்வளவு பாரம் சுமக்குமோ, அவ்வளவையும் ஏற்றிக்கொண்டே பார்க்க வேண்டும்.

அடுத்தது டயரின் கணக்கு. டயரின் பக்கச் சுவரில் 195/65 ஆர் 15 என்று பொறித்திருந்தால், அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம் என்று பொருள். முழு விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீற்றர் ஆகும். அதே ரிம்மில் 205/65 டயரைப் பூட்டினால் விட்டம் 647 மில்லிமீற்றரைத் தாண்டிவிடுகிறது. அகலம் ஆசைப்பட்டவர் 16 அங்குல ரிம்மில் 205/55 டயரைத் தெரிந்தெடுத்திருந்தால், விட்டம் 632 மில்லிமீற்றருக்குள் நின்றிருக்கும். ரிம்மிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஈ.ரி. என்ற எழுத்துகளுடன் அதில் பொறித்திருக்கும் இலக்கம் 45 ஆயிருந்த இடத்தில் 35 உள்ள ரிம்மைப் பூட்டினால், சில்லு 10 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். சில்லுக்குள் ஸ்பேசர் வைப்பவர்களும் தெரியாமல் இதையே செய்கிறார்கள். இவ்வாறு அளவு தப்பிய டயரும் ரிம்மும் சேரும்போது, உரசாவிட்டாற்றான் ஆச்சரியம்.

கிரமப்படி சொல்வதானால், முதலில் ஸ்பேசரைக் கழற்றி, டயரையும் ரிம்மையும் உரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பின்னும் உரசினால் காரைச் சற்று உயர்த்த வேண்டும். உயரம் திருத்தக்கூடிய கொயில்-ஓவர் பூட்டியவர்களுக்கு இது சில நிமிஷ வேலை. அப்பாலும் பெருங்குழியில் மட்டும் படுமாயின், சொக் அப்சோபரிலுள்ள ரப்பர்த் தடுப்பை நீளமாக்கிச் சில்லின் எழுச்சிக்கு எல்லை வகுக்கலாம். பிரயாண சுகம் சற்றுக் குறையும், டயர் பிழைக்கும். எந்த மாற்றத்துக்குப் பின்பும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம். ஏனெனில் இறக்கிய காரின் சில்லு பெரும்பாலும் மேற்புறம் உள்ளே சாய்ந்து நிற்கும். அதைக் கவனியாது விட்டால் டயரின் உள்விளிம்பு கண்ணுக்குத் தெரியாமலே தேய்ந்து கம்பி வெளிப்படும். மட்காட்டின் விளிம்பை மடிப்பது இவையனைத்தும் செய்து தீர்ந்த பின்னரே. அதையும் தகட்டைச் சூடாக்கி, உரிய உருளைக் கருவியால் மெல்ல மடிக்க வேண்டும். இருபுறமும் கடல் சூழ்ந்து உப்புக்காற்று ஓயாது வீசும் நம் தீவில், வண்ணம் வெடித்த விளிம்பு கறள் பிடிக்க ஒரு மாரிகாலம் போதும்.

உரசல் சிறு தொல்லைதானே என்று அலட்சியம் செய்வோர், பக்கச் சுவர் அரிக்கப்பட்ட டயர் வேகத்தில் வெடித்தால் என்ன நிகழும் என்பதைச் சிந்திக்க வேண்டும். வேறு இரண்டு விபரீதங்களும் காரை இறக்குவதோடு கூடவே வருகின்றன. காரின் முன்பக்கம் மட்டும் அதிகமாக இறங்கினால் முன்விளக்கின் ஒளி கிட்டவே விழும். இரவில் நடுவீதியில் கழுதைகள் நிற்கும் மன்னாரில், ஒளி கிட்ட விழுவது எத்தகைய அபாயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பின் அச்சின் உயரத்தைக் கொண்டு பாரத்தை மதிப்பிட்டுப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில வண்டிகளில் உண்டு; இறக்கிய வண்டியை அது பாரமேற்றிய வண்டியென்று மயங்கி, வெறுவண்டியிலும் பின் சில்லுகளை இறுக்கிவிடும்.

இளைஞர்கள் பக்கமும் நியாயம் உண்டு. தன் பொருளைத் தன் ரசனைப்படி அமைத்துக்கொள்ளும் உரிமையை எவரும் மறுக்க முடியாது. யந்திரத்தை மாற்றியமைக்கும் சாமர்த்தியம் வட பகுதிக்குப் புதிதும் அன்று. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மெக்கானிக்குகளின் மரபு நம்முடையது. அம்மெக்கானிக்குகள் யந்திரத்தின் இயல்பை அறிந்து, அது தாங்கும் எல்லைக்குள்ளேயே அதை வளைத்தார்கள். இன்று ஸ்பிரிங்கை வெட்டும் கையும் அந்த அறிவைத் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

அரசாங்கத்துக்கும் கடமை உண்டு. ஜெர்மனியில் ஸ்பிரிங்கை மாற்றுபவர், சான்றிதழுள்ள பாகத்தைப் பூட்டி, அங்கீகாரம் பெற்ற பரிசோதகரிடம் காட்டியாக வேண்டும். அங்கு வாழும் நம்மவர்களுக்கு இது தெரிந்த விஷயம். இந்தியாவில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றலாகாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றுவித்ததையும் கண்டோம். வெளியே தெரியும் சோடனையைக் கழற்றுவதில் காட்டிய அக்கறையை, உள்ளே மறைந்திருக்கும் ஸ்பிரிங்கைப் பரிசோதிப்பதிலும் காட்ட வேண்டும். முழுத் தடையை நான் வேண்டவில்லை. மாற்றியமைத்த காரை, பாரம் ஏற்றிப் பார்த்துச் சான்று வழங்கும் வசதி ஒன்றை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஏற்படுத்தினாற் போதும்.

அது வரும் வரையில் இக்காரியம் கராஜ்காரர்களின் கையிலேயே இருக்கிறது. ஸ்பிரிங் வெட்டக் கேட்டு வரும் இளைஞனிடம் கூலியை வாங்கிக்கொண்டு ஆக்சோ வாளை எடுக்காமல், காரை உயர்த்திச் சில்லுக்கு உரிய இடத்தைக் காட்டி, டயரின் கணக்கைச் சொல்லிக் கொடுத்து, அதற்குச் சம்மதியாதவனை வேலை செய்யாமலே திருப்பியனுப்புங்கள்.